கல் கேட்பதா, மணல் கேட்பதா?

வணக்கம் சார்,

புதுச்சேரிக்கு வடக்கே, தந்திராயன்குப்பம் பக்கம் எங்கள் ஊர். அப்பா கரைவலை இழுத்த மணல் இப்போது இல்லை; படகை ஏற்றிவைக்கவே இடமில்லை. புவி வெப்பமாதல், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். ஊரில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மறியல் செய்யப்போகிறோம். நீங்களோ கல் கொட்டுவதை எதிர்த்து எழுதுகிறீர்கள். எங்கள் வீடுகள் போகட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அலை வாசலுக்கு வந்துவிட்டவரிடம் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பழியை எல்லாம் புவி வெப்பமாதல் தலையில் போடுவது சிலருக்கு வசதி. கடல் மட்டம் உயர்வது உண்மைதான். அது மட்டுமே காரணமென்றால், புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் எப்படிச் சேர்ந்தது?

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல்தடுப்புகள் அதை மறித்தன. முதலில் நகரக் கடற்கரை போயிற்று. அங்கே கல் கொட்டியதும் அரிப்பு சோலை நகர், கோட்டக்குப்பம் என்று ஊர் ஊராக வடக்கே ஏறியது. (சென்னைத் துறைமுகம் மறித்த மணல்தான் மெரினாவின் அகலம். அரிப்பு ராயபுரத்துக்குப் போனது.)

கல் சுவர் வீட்டைக் காக்கும், சரி. கரைவலைக்கும், பெண்கள் கருவாடு காயவைக்கவும் இடம் தராது. தூண்டில் வளைவு கொஞ்சம் மணலைப் பிடித்துத் தரும். ஆனால் அது உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊருக்குப் போகவேண்டிய மணல். அடுத்த மறியல் அங்கே நடக்கும்.

துறைமுகத்தில் சேரும் மணலை எடுத்து வடக்கே போடவேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. ஒழுங்காக நடக்கவில்லை, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் எஃகுத் தடுப்பு வைத்து, தூர்வாரிய மணலும் போட்டபோது புதுச்சேரி நகரத்துக்குக் கடற்கரை திரும்பக் கிடைத்தது. நகரத்துக்கு முடிந்தது குப்பத்துக்கு ஏன் முடியாது?

மறியலில் இதைக் கேளுங்கள். வடக்கு ஊர்ப் பஞ்சாயத்தாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். துறைமுகம் புதுச்சேரியில், நீங்கள் விழுப்புரம் மாவட்டத்தில். ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள். அதனால் மனுவை இரண்டு அரசுகளுக்கும் கொடுங்கள், ஒரே நாளில்.