மின்சுற்று முதல் அணு வரை: நீட் இயற்பியலை எப்படிப் பயிற்சி செய்வது?
நாகர்கோவிலில் பிளஸ் டூ படிக்கிறேன், சூத்திரம் தெரிந்தும் கணக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு முதலில் விடையை ஊகியுங்கள். 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? நூறுதான் என்று தக்கலை பஸ்ஸில் அடித்துச் சொல்லி நண்பனிடம் தோற்றவன் நான். ஒரே மின்னழுத்தத்துக்குச் செய்த பல்புகளில் வாட் குறைந்ததற்கே மின்தடை அதிகம். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்; அப்போது மின்தடை அதிகமுள்ளதே அதிகம் ஒளிரும், அதனால் 60 வாட்தான் ஜெயிக்கும். பக்க இணைப்பில் அப்படியே தலைகீழ். ஒவ்வொரு சுற்றையும் இப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அணுப் பாடம் இவ்வளவு படுத்தாது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் இருக்கும் மட்டத்தின் ஆற்றல் வேண்டுமானால், 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டாம் மட்டத்துக்கு 3.4. அங்கிருந்து எலக்ட்ரான் முதல் மட்டத்துக்கு இறங்கினால் வெளிவரும் ஆற்றல், 13.6-இல் 3.4 போக, 10.2. மட்டங்களின் ஆற்றலுக்கு மைனஸ் குறி போட மறந்துவிடாதீர்கள்.