விரல் மரத்துப்போனால் மெத்தென்ற கிரிப் வாங்கலாமா?

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 46. மூன்று ஆண்டுகளாக ஒரு மவுண்டன் பைக் வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் சிறுவாணிச் சாலையில் 40 கிலோமீட்டர் போய்வருகிறார். முக்கால் மணி நேரம் ஓட்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன என்றும், சைக்கிளோடு வந்த கிரிப் (ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் இடத்திலுள்ள ரப்பர் உறை) பிசுபிசுவென்று ஆகிவிட்டது என்றும், கடையில் 2,800 ரூபாய்க்கு ஜெல் வைத்த கிரிப் ஒன்றைக் காட்டி, இதை மாட்டினால் பிரச்சினையே வராது என்கிறார்கள் என்றும் எழுதி, "அதை வாங்கலாமா, வேறு வாங்கினால் நானே மாட்டிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஜெல் கிரிப்பை வாங்க வேண்டாம். வேறு வாங்கி, நீங்களே மாட்டிக்கொள்ளலாம். அரை மணி நேர வேலைதான்.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகும் அல்நர் நரம்பு, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டை ஒட்டி, அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது. உங்கள் உடலின் எடை அந்த மேட்டின் வழியாக ஒரு மெல்லிய உருளையின்மேல் இறங்கும்போது நரம்பு நசுங்குகிறது, விரல் மரக்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் தொல்லை. ஆகவே உங்களுக்குத் தேவை, அந்த மேட்டில் விழும் எடையைக் குறைப்பதும் விழுகிற எடையை அகலமாகப் பரப்புவதும்தான். ஜெல் இரண்டையும் செய்வதில்லை. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். சாலையில் முழு எடையும் ஏறியதும் அது ஒதுங்கிக்கொள்ள, கை மறுபடியும் அடியிலுள்ள கெட்டியான குழாயின்மேல்தான் நிற்கும். அதோடு, மிக மெத்தென்ற கிரிப் பிடிக்குள் நெளிவதால் நாம் அறியாமலே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம்; முன்கையும் சேர்ந்து வலிக்கத் தொடங்குகிறது.

எடையைக் குறைக்கும் வேலைக்குக் காசு செலவில்லை என்பதால் அதை முதலில் செய்யுங்கள். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின்மேல் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன்மேல் கைபேசியை வைத்து மட்டம் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் நீங்கள் ஒவ்வொரு நொடியும் முன்னால் வழுக்குகிறீர்கள், அந்த வழுக்கலைக் கைகள்தான் தாங்குகின்றன. மட்டமாக்கிவிடுங்கள். அடுத்து பிரேக் லீவர்: சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, லீவர்மேல் கிடக்கும் விரல் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வர வேண்டும். லீவர் மிக மேலே திரும்பியிருந்தால் மணிக்கட்டு மடங்கி, எடை முழுவதும் அடிமேட்டில் போய் விழும். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் சைக்கிளை விற்கும்போதே கடைக்காரர் செய்துகொடுத்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து, ஹேண்டில்பாரை நேராக்கி, பெடலைத் திருகி, பத்து நிமிடத்தில் வண்டியைக் கையில் கொடுத்துவிடுகிற வழக்கம் இங்கே எப்படி வேரூன்றியது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் கொடுத்தவரை ஒரு முறை உட்காரவைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

இனி கிரிப்பைத் தேர்ந்தெடுப்பது. மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பாரில் கிரிப் ஏறும் பகுதியின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர். நடுவில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடம் 25.4, 31.8, 35 என்று எதுவாக இருந்தாலும் முனைகள் 22.2-தான்; ஆகவே "உங்கள் மாடலுக்கு இது பொருந்தாது, எங்களிடம் தனியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீளம் பொதுவாக 130 முதல் 135 மில்லிமீட்டர். நீங்கள் கவனிக்க வேண்டியது கிரிப்பின் வெளிவிட்டத்தை. கடையில் கிரிப்பைச் சாதாரணமாகப் பற்றிப் பாருங்கள். விரல்நுனிகள் உள்ளங்கையை மெல்லத் தொட்டால் அளவு சரி. நகம் பதிந்தால் மெல்லியது. விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நன்றாக இடைவெளி தெரிந்தால் தடித்தது. நடுத்தரமான கைக்கு 30 முதல் 32 மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும், பெரிய கைக்கு 33, 34 வரை போகலாம். தடிமனாக இருந்தால்தான் சுகம் என்று எண்ணிச் சிறிய கைக்காரர்கள் பெரியதை வாங்கி, பிடியிலேயே களைத்துப்போகிறார்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, வெளிமுனையில் உள்ளங்கையைத் தாங்கச் சிறகு போல அகன்று தட்டையாக இருக்கும் வகை. ஜெர்மனியின் எர்கான் நிறுவனம் பரவலாக்கிய வடிவம் இது. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. உங்கள் நரம்பு நசுங்கும் அதே மேட்டின் கீழ் ஒரு தளம் கிடைப்பதால் எடை பரவுகிறது. தார்ச்சாலையிலும் செம்மண் பாதையிலும் ஒரே சீராக ஓட்டுகிற உங்களுக்கு இது ஏற்றது. பாறைகளில் இறங்கிக் குதிப்பவர்கள் கையை அடிக்கடி சுழற்ற வேண்டும் என்பதால் உருண்டையையே விரும்புவார்கள். அது உங்கள் கவலையல்ல.

எந்த வடிவமாக இருந்தாலும், முனையில் உலோக வளையமும் ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) முடுக்கும் திருகும் உள்ள, இறுக்கிப் பூட்டும் வகையாக வாங்குங்கள். வெறும் ரப்பராக உருவி ஏற்றும் வகைகளிலும் நல்லவை உண்டு. ஆனால் நம் வெயிலிலும் வியர்வையிலும் அவை சுழலத் தொடங்கினால், முதல் தடவையாக மாட்டுகிறவருக்குச் சமாளிக்கத் தெரியாது.

இங்கே நான் சற்று விரிவாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சைக்கிள் குழுக்களில், "எனக்குத் தெரிந்தவர் நேரடியாக இறக்குமதி செய்கிறார், பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள். வந்து சேருவது பெரும்பாலும் பாலித்தீன் பையில் போட்ட, பெயர் மட்டும் பொறித்த போலி. அதன் வளையத்தில் மரையைப் பாதிதான் வெட்டியிருப்பார்கள், திருகுத் தலை முதல் இறுக்கத்திலேயே வழுக்கிவிடும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒரு மழைக்காலம் கழிந்ததும் விரியும். பொட்டலமிட்டு விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்சச் சில்லறை விலையும், இறக்குமதி என்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. விதி இருக்கிறது, சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் அதைக் கேட்டு வருகிற அதிகாரியை நான் பார்த்ததில்லை. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். இந்த விவரங்கள் அச்சிட்டிராத உறையென்றால் திருப்பிக் கொடுங்கள். "வரி ஏறிவிட்டது, அதனால்தான் விலை" என்ற பேச்சையும் ஏற்க வேண்டாம்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. பில் போட்டு வாங்குங்கள். பில்லோடு ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் வாங்கியவருக்கு அந்த எண்ணால் அதிகப் பயனில்லை. "மருத்துவர் பரிந்துரைத்தது" என்று அட்டையில் போட்டிருந்தால் கூடுதல் விலைக்கு அது ஒரு காரணமே தவிர வேறொன்றுமில்லை.

கழற்றும் முறைக்கு வருவோம். உங்கள் பழைய கிரிப் உருவி ஏற்றிய வெறும் ரப்பராகத்தான் இருக்கும். உள் ஓரத்தில் முனை மழுங்கிய மெல்லிய ஆரக்கம்பியையோ குச்சியையோ நுழைத்துச் சற்றுத் தூக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் உள்ளே ஊற்றி, கிரிப்பை இரு பக்கமும் திருகுங்கள். ஸ்பிரிட் பரவியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பஞ்சர் கடை பக்கத்திலிருந்தால் இன்னும் எளிது. காற்றுக்குழாயின் முனையை ஓரத்தில் வைத்து அழுத்தினால் ரப்பர் உப்பிக் கழன்றுவிடும். கத்தியால் கிழிப்பது கடைசி வழி. கார்பன் ஹேண்டில்பாரில் அது கூடவே கூடாது, அதில் விழும் ஒரு கீறல் பின்னொரு நாள் முறிவாக மாறலாம். கழற்றியபின் குழாயை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, பிசுபிசுப்பு ஒரு துளியும் இல்லாமல் சுத்தம் செய்து உலரவிடுங்கள்.

எண்ணெய், கிரீஸ், துருநீக்கித் தெளிப்பான் ஆகிய எதையும் கழற்றுவதற்கோ ஏற்றுவதற்கோ பயன்படுத்தாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவந்த ஒருவரின் வலது கிரிப், கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கும்போது கையோடு உருவி வந்துவிட்டது. மண்மேட்டில் விழுந்ததால் தோள்பட்டையில் மட்டும் அடிபட்டுத் தப்பினார். வண்டியைப் பழுதுபார்க்க என்னிடம் கொண்டுவந்தபோது குழாயைத் தொட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கடையில் எளிதாக ஏறட்டும் என்று தடவி மாட்டியிருக்கிறார்கள். கிருமிநாசினி ஜெல்லும் வேண்டாம். ஆல்கஹால் ஆவியானபின் அதிலுள்ள கிளிசரின் தங்கிவிடும். பஞ்சர் சொல்யூஷன் பூசி ஒட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். சுழல்வது அப்போதைக்கு நிற்கும். அடுத்த முறை பிரேக் லீவரை மாற்ற வேண்டி வந்தால் கிரிப்பை வெட்டி எறிவதைத் தவிர வழியிருக்காது.

மாட்டுவது எளிது. கிரிப் உலர்ந்த குழாயில் முழுவதுமாக உள்ளே போக வேண்டும். குழாயின் வெளிமுனை கிரிப்போடு சேர்ந்து மூடியிருக்கிறதா, அல்லது தனி மூடி வேண்டுமா என்று பார்த்து, தனி மூடி என்றால் மறக்காமல் அடையுங்கள். மூடாத குழாய் முனை, விழுந்தால் வயிற்றில் குத்தி உள்ளுறுப்பைக் கிழிக்கும் வட்டக் கத்தி. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திருகுத் தலைகள் கட்டைவிரலில் உராயாதபடி கீழ்நோக்கி வரட்டும். சிறகின் மேல்தளம் முன்கையின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும்: திருகைத் தளர்வாக வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை இயல்பாக வைத்து, மணிக்கட்டு மடங்காத நிலையைக் கண்டுபிடித்து, அங்கே நிறுத்துங்கள். சிறகு மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு பின்னுக்கு மடங்கி, இப்போதிருப்பதைவிட மோசமாக மரக்கும். சிறகு வகையை வாங்கிவிட்டு, பயனில்லை என்று தூக்கிப்போட்டவர்களில் பலருடைய குறை இந்தக் கோணம்தான். பிறகு இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை வளையத்தில் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். சிறு திருகுகளுக்கு 2 அல்லது 3 என்பது வழக்கம், சிறகு வகையில் 5 வரை இருக்கும். இறுக்கத்தை அளக்கும் கருவி இல்லையென்றால் ஆலன் கீயின் நீண்ட முனையைத் திருகில் செருகி, குட்டைக் காலை இரண்டு விரலால் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். பிறகு கிரிப்பை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் கால் சுற்று.

ஒரு விதிவிலக்கை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் காசு வீணாவதை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் சைக்கிளில் கியர், கட்டைவிரலால் அழுத்தும் லீவரா, அல்லது கிரிப்பின் உட்பகுதியையே முறுக்கி மாற்றுகிற வகையா? முறுக்குவதென்றால் அந்த உருளை ஹேண்டில்பாரில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். 130 மில்லிமீட்டர் கிரிப் ஏறாது, 90 மில்லிமீட்டர் அளவிலான குட்டைக் கிரிப் வேண்டும். சில வண்டிகளில் வலப்பக்கம் மட்டும் முறுக்கு, இடப்பக்கம் ஒன்றுமில்லை. அப்போது ஒன்று குட்டை, ஒன்று நீளம். சோடியாக விற்பதால் கடைக்காரர் இரண்டு நீளத்தைக் கொடுத்துவிட்டு, வலதுபக்கத்தை அறுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார். இரு முனையிலும் வளையம் உள்ள கிரிப்பை அறுத்தால் ஒரு பூட்டு போய்விடும், செய்யாதீர்கள். குட்டைக் கிரிப்பை மாட்டும்போதும் முறுக்கு உருளையோடு முட்டாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். முட்டினால் உராய்வில் கியர் தானாகத் திரும்பாமல் சிக்கும், மெக்கானிக் கேபிளை மாற்றச் சொல்வார், கேபிளில் குறை ஒன்றும் இருக்காது. சில வண்டிகளில் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் இருக்கும். பழைய கிரிப்போடு அதையும் எறிந்துவிட வேண்டாம். எந்த வகை என்று சந்தேகமிருந்தால் வலது ஹேண்டில்பாரை மேலிருந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கிரிப் தடித்தால் லீவர் விரலுக்குத் தூரமாகத் தோன்றும். லீவரின் உட்பக்கத்தில் இருக்கும் சிறு திருகைத் திருப்பிச் சற்று நெருக்கமாக்கிக்கொள்ளுங்கள், அதன்பின் தெருவிலேயே இரண்டு பிரேக்கையும் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் ஞாயிறு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், ஆலன் கீயைப் பையில் வைத்துக்கொண்டு, சிறகின் கோணத்தை வழியிலேயே சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். திரும்பி வந்ததும் திருகுகளை ஒருமுறை சோதியுங்கள். சைக்கிளிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் மரப்பு மறைந்தால் அது கோணத்தாலும் எடையாலும் வந்தது, சரிசெய்துவிடலாம். அடுத்த நாளும் நீடித்தாலோ, சட்டைப் பொத்தான் போடும்போது விரலில் வலுக்குறைவு தெரிந்தாலோ, கிரிப் கடைக்குப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.