புரட்டாசி வெயில் இருக்கும்போதே ஓட்டைப் பாருங்க

கேள்வி: மன்னார்குடி பக்கத்துல எங்க பழைய ஓட்டு வீடு, முற்றம் வச்சது. அம்மா மட்டும் இருக்காங்க, நாங்க சென்னைல. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு கூடத்துல ஒழுகுது. மேல தார்ப்பாய் போட்டு மூடிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியா வருமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம்மா. காத்துக்கு தார்ப்பாய் நிக்காது, அடியில ஈரம் தங்கி மரச்சட்டம் காயாம இத்துப்போகும். வடகிழக்கு பருவமழை பொதுவா அக்டோபர் 20 வாக்குலதான் தொடங்கும், அதுக்கு முன்னாடி காயுற இந்த புரட்டாசி வெயில்தான் உங்களுக்கு நேரம், ஓடு மாத்துறவர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, முதல் மழை பேஞ்சதும் ஊரே அவரைத்தான் தேடும்.

சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓடு உடைஞ்சிருக்கும்னு இல்ல. தண்ணி எங்கயோ மேல இறங்கி ரீப்பர் கட்டை (ஓட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) வழியா ஓடிவந்து கூடத்துல சொட்டும். முற்றம் வச்ச வீட்ல முதல்ல பாக்க வேண்டியது ரெண்டு சரிவு சேருற அந்த நாலு மூலைதான், அங்க வேப்பிலை சருகு அடைஞ்சு தண்ணி எதிர்த்து ஏறும், அடியில போட்ட தகரமும் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும். தகரத்தை மாத்திடுங்க. ஓடுகளை எடுத்த கையோட சட்டத்தையும் கத்தியால குத்தி பாக்க சொல்லுங்க, பொசுக்குனு உள்ள இறங்கினா கரையான்தான். சீமை ஓடா (கம்பெனில செய்யுற தட்டை ஓடு) இருந்தா பழைய ஓடு ஒண்ணையே மாதிரிக்கு எடுத்துட்டு போங்க, கம்பெனி மாறினா பள்ளம் மேடு சரியா பொருந்தாது, அந்த சந்துலயே மறுபடி ஒழுகும்.

முற்றத்து தூம்புல ரெண்டு குடம் தண்ணி ஊத்தி வெளிய போகுதான்னு பாருங்க. சுண்ணாம்பு சுவர்ல விரிசல்னா சிமெண்ட் பூசவே பூசாதீங்க, ஈரம் உள்ளயே தங்கிடும், சுண்ணாம்பு சாந்துதான் சரி.

அம்மா தனியா இருக்கறதால இதை கட்டாயம் பண்ணுங்க: கரண்ட் கசிஞ்சா உடனே தானா கட் பண்ணுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வீட்ல இல்லன்னா எலக்ட்ரீஷியனை வச்சு போட்டுடுங்க, ஈர சுவர்ல கசியுற கரண்ட் உயிருக்கே ஆபத்து. விறகு, தென்ன மட்டையெல்லாம் சுவரோரமா அடுக்க வேண்டாம், மழைல பாம்பும் தேளும் அங்கதான் வந்து ஒதுங்கும்.

கேள்வி: தோட்டத்து தென்னைக்கு மழைக்கு முன்னாடி என்ன செய்யணும்?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: 2018 நவம்பர் 16 கஜா புயல்ல உங்க ஊர் பட்டபாட்ட மறக்க முடியுமாங்க. முத்தின காயை இறக்கிடுங்க, காஞ்ச மட்டையை கழிச்சுடுங்க, தலை பாரம் குறையும். பச்சை மட்டையை மொட்டையா வெட்டிடாதீங்க, மரம் நலிஞ்சுடும். வீட்டுப்பக்கம் சாஞ்ச மரத்துக்கு வேர் மண்ணைவிட்டு மேல கிளம்பியிருந்தா, மனசு கேக்காதுதான், ஆனா எடுத்துடுங்க. ஈபி கம்பியில மட்டை உரசுதுன்னா நீங்க அரிவாளோட ஏறவே கூடாது, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணுங்க, லைனை ஆஃப் பண்ணிட்டு அவங்க வெட்டட்டும்.