செல்லப் பிராணிகளுக்கு மருந்து வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். நாங்கள் சாப்பிடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கொடுக்கவே கூடாது. 500 மி.கி. மாத்திரையின் கால் பங்கே, 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 31 மி.கி. ஆகிறது, கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. தாமதித்தால் அதன் பலன் குறையும்.

கேள்வி: என் நாயின் மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதிய கார்புரோஃபெனைக் கடையில் அட்டையிலிருந்து வெட்டித் தந்தார்கள்; பில் இல்லை. இரண்டாம் வாரத்தில் என் லேப்ரடார் வாந்தியெடுத்தது, கண் மஞ்சளானது. கல்லீரல் பாதிப்பாம். கடைக்காரர் விற்கவே இல்லை என்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: மருத்துவர் எழுதியதை வாங்கிக் கொடுத்த உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. சரியான அளவில் கொடுத்தாலும் கார்புரோஃபென் மிகச் சில நாய்களின் கல்லீரலைத் தாக்குவதுண்டு. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே அது வெளிப்படும். ஆகவே, தொடங்குமுன்னும் சில வாரங்கள் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும், வாந்தியோ உணவு மறுப்போ தென்பட்டால் உடனே மாத்திரையை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பாதிப்புக்குக் கடையைப் பொறுப்பாக்குவது கடினம். ஆனால் அட்டையை வெட்டித் தந்ததற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த வழக்கத்தை எதிர்த்து நான் எழுதாத ஆண்டில்லை. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் கடையில் தங்கிவிட்ட பிறகு, மருந்து பழையதா, போலியா, அல்லது நல்ல மருந்தே இந்த உடலுக்கு ஒவ்வவில்லையா என்று எந்த மருத்துவரால் சொல்ல முடியும்? பில் தராதிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. மருந்துச் சீட்டு, பணம் செலுத்திய கைபேசிப் பதிவு, மிச்ச மாத்திரைகள், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: எனக்கு எழுதித் தந்த டயஸிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் பயணத்தில் மிரளும் பூனைக்குச் சில நாள் கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பெயரில் எழுதிய மருந்து உங்களுக்கு மட்டுமே. வாய்வழியாகச் சில நாட்கள் டயஸிபாம் பெற்ற பூனைகளில் சில கல்லீரல் செயலிழந்து இறந்திருக்கின்றன. சீட்டு இல்லாமல் இத்தகைய சோதனையில் இறங்குபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் நாய்க்குக் கல்லீரல் நொதிகள் கூடியிருக்கின்றன. மாத்திரையை நிறுத்திவிட்டு இணையத்தில் விற்கும் லிவர் டானிக் வாங்கவா?
– வாசகி, கோவை

பதில்: திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இம்மருந்து கல்லீரலைக் கெடுக்காமலேயே சில நொதிகளை உயர்த்தும் என்பதால், அந்த எண்களை மட்டும் கண்டு கலங்க வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவையும், கல்லீரல் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் அல்புமின், பித்த அமிலங்களையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். டானிக்கைப் பொறுத்தவரை, நானும் என் நாய்க்கு ஒன்று வாங்கினேன். மூலிகைகளின் பெயர்களை வரிசையாக அச்சிட்டிருந்த அந்தப் புட்டியில் எது எத்தனை மி.கி. என்ற விவரம் எங்கும் இல்லை. அளவு அச்சிடாத எதையும், மருத்துவர் சொல்லாத எதையும் வாங்காதீர்கள்.