பாட்டியின் பச்சை – கடிதம்

வணக்கம்.

முன்கையில் ஒரு மல்லிகைக் கொடியை டாட்டூவாகப் போட்டுக்கொண்டேன். அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார். சித்தி, இனி வேலையும் கிடைக்காது, கல்யாணமும் நடக்காது என்கிறார். பாட்டி மட்டும் தடவிப் பார்த்துச் சிரிக்கிறார், அவர் கையிலும் பச்சை உண்டு. இந்தப் பழமைவாதி அம்மாவுக்காக லேசரில் அழித்துவிடலாமா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

அம்மாவைப் பழமைவாதி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பழமை உங்கள் பாட்டியின் கையில் அல்லவா இருக்கிறது? அதை அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்திய கோலம் அது. வலி தெரியாமலிருக்கக் குறத்திகள் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி பெரும்பாலும் தானியம். நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள், கட்டையில் போகும்போது பச்சை மட்டும்தான் கூட வரும் என்பார்கள் அந்தக் காலத்துப் பெண்கள்.

என் பெரியம்மாவுக்கும் முழங்கைவரை பச்சை இருந்தது. படித்து ஆசிரியை ஆனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஒருவர், “எந்தக் காட்டிலிருந்து வர்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். அதன்பிறகு சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். கரும்பலகையில் எழுதும்போது ஏறிவிடக் கூடாதென்று மணிக்கட்டில் ஊக்கு வேறு. எம்.ஜி.ஆர். சொன்னார் என்று கட்சிக்கொடியைக் குத்திக்கொண்ட ஆண்கள் மட்டும் அதைப் பெருமையாகக் காட்டித் திரிந்தார்கள்.

தன் மகள்களைப் பச்சை குத்துகிறவர்கள் பக்கமே பெரியம்மா விடவில்லை. வயல்வேலை, எழுத்தறியாமை, கேலி எல்லாவற்றையும் அந்தக் கையில்தான் ஊர் பார்த்தது. மகள்களின் கை வெறுமையாக இருந்ததுதான் அவருக்கு முன்னேற்றம். உங்கள் அம்மா அந்த மகள்களின் தலைமுறை. உங்களை யாரும் எந்தக் காடு என்று கேட்கப்போவதில்லை. அந்தத் தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? அவர் படித்ததால், உங்களைப் படிக்க வைத்ததால் வந்தது. அவரைப் போய்ப் பழமைவாதி என்கிறீர்கள்!

நீங்கள் செய்தது தப்பில்லை. உங்கள் கை, உங்கள் விருப்பம். சித்தி சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். லேசர் வேண்டாம். பலமுறை போக வேண்டும், வலிக்கும், அப்புறமும் முழுசாகப் போகும் என்று உறுதியில்லை. அம்மாவின் கோபமும் அதனால் தீராது.

சின்ன வயதில் பாட்டியின் கையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் பக்க நியாயத்தை அன்றைக்குப் பேசாதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.