நடத்தை சரியாகும்வரை கணக்கு காத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

ஆட்டிசமும் கணக்கில் அபாரத் திறமையும் உள்ள உங்கள் மகனைப் பற்றி எழுதிய கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. "முதலில் வகுப்பில் ஒழுங்காக உட்காரட்டும், அப்புறம் பெரிய கணக்கெல்லாம் பார்க்கலாம்" என்று பள்ளியில் சொன்னார்களே, அந்த வரி. ஆட்டிசமும் அபாரமான அறிவும் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அது தவறு. தெரிந்த பெருக்கலையே நாற்பது முறை போடச் சொன்னால் எந்தப் பிள்ளை உட்காரும்? அவன் அறிவுக்கு ஏற்ற கணக்கும், அவன் சிரமத்துக்கு ஏற்ற உதவியும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். பள்ளியில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதது இது ஒன்றுதான்.

அவனுடைய அறிவுத்திறன் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மொத்த ஐக்யூ எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் சோதனை என்றால் உள்ளே தனித்தனிப் பிரிவுகளுக்கு மதிப்பெண் இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தர்க்கச் சிந்தனை உச்சத்திலும், பார்த்து எழுதும் வேகம் கீழேயும் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் சராசரிப் பையன் மாதிரி தெரிவான். திறமையும் மறைந்துவிடும், சிரமமும் மறைந்துவிடும்.

விடையை மட்டும் எழுதுகிறான், படிகளை எழுதுவதில்லை, அதனால் அடுத்தவனைப் பார்த்து எழுதினானோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்றீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன், நான் சமன்பாட்டை வாசித்து முடிக்குமுன் விடையைச் சொன்னான். எழுதச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணும் கோட்டில் சரியாக உட்கார வேண்டும் அவனுக்கு. அழித்தான், எழுதினான், மறுபடி அழித்தான். கடைசியில் தாளே கிழிந்தது. கிழிந்த தாளை அவன் அம்மா அப்படியே ஆசிரியரிடம் காட்டினார். பத்துக் கணக்கில் இரண்டுக்குப் படி எழுதினால் போதும், மற்றவற்றுக்கு வாயால் சொல்லலாம் என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டார். நீங்களும் இப்படி அளவோடு கேளுங்கள். "என் பிள்ளையைப் புரிந்துகொள்ளுங்கள்" என்றால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கணக்குப் பாடவேளைக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்காரலாமா, கால அட்டவணை மாறினால் முதல்நாளே சொல்ல முடியுமா, சத்தம் தாங்காதபோது ஓர் அட்டையைக் காட்டிவிட்டு நூலகத்துக்குப் போகலாமா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

"இங்கே நன்றாகத்தான் இருக்கிறான்" என்பார்கள். பொய்யில்லை. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்துவிட்டு வீட்டு வாசலில் வெடிக்கும் பிள்ளைகள் நிறைய. இரண்டு வாரம் நேரத்தோடு குறித்து வையுங்கள். எந்தப் பாடம் இருந்த நாளில் வெடிக்கிறான் என்பது தெரியவரும்.

இன்னொன்று. பிடித்த கணக்கைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்க விடாதீர்கள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பறிக்காமல் அதையே படிப்பாக்கலாம். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண் டெம்பிள் கிராண்டின் பள்ளி நாட்களில், உடலை இதமாக அழுத்தும் ஒரு கருவியைத் தானே செய்துகொண்டார். அதை எடுத்துவிட வேண்டும் என்றுதான் பள்ளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அறிவியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், அது ஏன் மனதை அமைதிப்படுத்துகிறது என்று ஆராய்ந்து பார் என்றார். அந்தப் பெண் பின்னாளில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். உங்கள் பள்ளியிலும் அப்படி ஓர் ஆசிரியர் இருக்கலாம். முதலில் அவரைத் தேடுங்கள், தலைமையாசிரியர் அறைக்கு அப்புறம் போகலாம்.

பள்ளியில் பேசப் போகும் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்; குறிப்பெடுக்க ஒருவர் கூட வரட்டும். பேசி முடிவானதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ஆறு வாரம் கழித்து மறுபடி சந்திக்க ஒரு தேதியும் கேட்டு வாங்குங்கள்.

போவதற்கு முந்தின நாள் அவனிடமே கேளுங்கள், பள்ளியில் எது ரொம்பக் கஷ்டம் என்று. மணிச் சத்தம் என்பான், பக்கத்தில் உட்கார்பவன் பேனாவைத் தட்டுவது என்பான். பேச வராவிட்டால் எழுதியோ வரைந்தோ காட்டட்டும். நீங்கள் கொண்டுபோகும் தாளில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.