குளோரின் குளிர்விப்பானுக்கு டைட்டானியமா, நிக்கல் கலப்புலோகமா?

கேள்வி: சேலம் இரும்பாலைச் சாலைப் பகுதியில் துருப்பிடிக்கா எஃகு வேலைகளுக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். மேட்டூர்ப் பக்கம் உள்ள ஒரு குளோரின் ஆலையின் குளிர்விப்பானில் 316 எல் ரகத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய்கள் குழி விழுந்து ஒழுகுவதால், மாற்றுக் குழாய்கள் போட்டுத் தரச் சொல்கிறார்கள். டைட்டானியம் கிரேடு 2, நிக்கல் கலப்புலோகமான ஹேஸ்டலாய் சி-276 ஆகிய இரண்டில் எதற்கு விலைப்புள்ளி கொடுப்பது? உலோகப் பண்புகளின் அட்டவணையில் சி-276தான் வலிமை மிக்கதாகத் தெரிகிறது.

பதில்: அட்டவணை சொல்வது உண்மைதான். கிரேடு 2 டைட்டானியத்தின் குறைந்தபட்ச இழுவலிமை 345 மெகாபாஸ்கல். சி-276க்கு அது 690. ஆனால் உங்கள் குழாய்கள் அழுத்தம் தாங்காமல் உடையவில்லை, அரிப்பினால் ஓட்டையாகின்றன. ஆகவே ஆலையாரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் குளிர்விப்பான் குளோரின் உலர்த்தும் கோபுரத்துக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுதான்.

உப்புக்கரைசலை மின்னாற்பகுக்கும் கலத்திலிருந்து வெளிவரும் குளோரின் சூடாகவும் நீராவி கலந்ததாகவும் இருக்கும். அது குளிர்விக்கப்பட்ட பின்னரே கந்தக அமிலத்தால் உலர்த்தப்படுகிறது. ஈரக் குளோரினில் டைட்டானியம் மிகச் சிறப்பாக நிலைக்கிறது; ஏனென்றால் அதன் மேற்பரப்பில் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் எங்கே கீறப்பட்டாலும், அங்குள்ள நீரைக் கொண்டே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த நீர் இல்லாவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். உலர்ந்த குளோரினில் டைட்டானியம் அரிக்கப்படுவதோடு நிற்பதில்லை, அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றி எரியவும் கூடும். படலம் நிலைத்திருக்க, அறை வெப்பநிலையில் எடையில் ஏறத்தாழ 1 சதவீத ஈரப்பதமாவது வேண்டும். வெப்பம் ஏற ஏற இந்தத் தேவையும் கூடும். நிக்கலும் அதன் கலப்புலோகங்களும் உலர்ந்த குளோரினுக்கு அஞ்சுவதில்லை. சி-276 அதில் உள்ள குரோமியம், மாலிப்டினம் காரணமாக ஈரக் குளோரினையும் பெருமளவு தாங்குகிறது.

டைட்டானியம், நிக்கல் இரண்டின் குணத்தையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், சவ்வுக் கலத்தையே பாருங்கள்; அதாவது, நடுவில் ஒரு சவ்வு இரு பக்கங்களையும் பிரிக்கும் மின்னாற்பகுப்புக் கலம். குளோரின் பிறக்கும் நேர்மின் பக்கம் டைட்டானியத்தாலும், காஸ்டிக் சோடா பிறக்கும் எதிர்மின் பக்கம் நிக்கலாலும் செய்யப்பட்டிருக்கும். சூடான, செறிவான காஸ்டிக்கில் நிக்கலுக்கு நிகரான உலோகங்கள் மிகச் சில. டைட்டானியத்தை அங்கே வைக்கக் கூடாது.

எனவே என் கருத்து இது: குளிர்விப்பான் உலர்த்தும் கோபுரத்துக்கு முன்னால் இருந்து, ஆலையை நிறுத்தித் தொடங்கும் வேளைகளிலும் உலர்ந்த குளோரின் அங்கே வராது என்று ஆலையார் எழுத்தில் உறுதி தந்தால், டைட்டானியத்துக்கே விலைப்புள்ளி கொடுங்கள். அந்த உறுதி கிடைக்காவிட்டால் சி-276தான் பாதுகாப்பானது. டைட்டானியத்தைத் தேர்ந்தாலும், கேஸ்கட்டுக்கு அடியிலும், குழாய் முனைகளைப் பிடித்திருக்கும் குழாய்த் தகட்டின் இணைப்புகளிலும் உள்ள இடுக்குகளில் சூடான உப்புநீர் தேங்கினால் அங்கே அரிப்பு தொடங்கக்கூடும். அந்த இடங்களுக்குச் சிறிதளவு பல்லேடியம் சேர்ந்த கிரேடு 7 நல்லது.

குழாய்களைச் சூழ்ந்த வெளிக் கூட்டை அப்படியே வைத்துவிட்டுக் குழாய்களை மட்டும் மாற்றுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. 316 எல் எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 16 மைக்ரான் விரிகிறது. சி-276 சுமார் 11, டைட்டானியம் 8.6 மட்டுமே. 3 மீட்டர் நீளத்தில் 60 டிகிரி வெப்பம் ஏறினால், 316 எல் எஃகாலான கூடு ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டரும் டைட்டானியக் குழாய் 1.5 மில்லிமீட்டரும் நீளும். இரு முனைகளிலும் தகடு இறுகப் பொருத்தப்பட்ட அமைப்பாக இருந்தால், இந்த வேறுபாடு முழுவதும் குழாய் இணைப்புகளின் மேல் விழும்; வடிவமைப்புக் கணக்கைத் திரும்பப் போடாமல் அதைச் செய்யாதீர்கள். மேலும், டைட்டானியத்தின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் சுமார் 105 ஜிகாபாஸ்கல், சி-276இன் அளவில் பாதிதான். அதனால் அது எளிதில் வளையும், ஓட்டத்தில் அதிரும். கூட்டின் உள்ளே குழாய்களைத் தாங்கும் தடுப்புத் தகடுகளை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும்.

துருப்பிடிக்கா எஃகில் தேர்ந்த உங்கள் வெல்டருக்கும் டைட்டானியம் புதிய வேலையே. வெல்டிங் செய்த இடம் சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை முன்புறமும் பின்புறமும் ஆர்கான் காப்பு வேண்டும். மூட்டு வெள்ளிபோல் மின்னினால் நல்லது, இளமஞ்சள் நிறம் பொதுவாக ஏற்கத்தக்கது. சாம்பல் நிறமோ வெண்பொடியோ தெரிந்தால் அந்த மூட்டை வெட்டி எறியுங்கள். எஃகு அரைக்கும் தூசி படாத தனி இடமும் தனிக் கருவிகளும் ஒதுக்குங்கள். டைட்டானியச் சீவல்கள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலை அருகிலேயே வைத்திருங்கள். சி-276இல் கவலை வேறு: கந்தகமோ ஈயமோ கலந்த கிரீஸ், குறியிடும் சாயம் ஆகியவை ஒட்டியிருந்தால் மூட்டில் வெடிப்பு விழும்.

விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாமல் மீட்டருக்கு ஒப்பிடுங்கள். டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம், சி-276இன் அடர்த்தி 8.89 கிராம் என்பதால், ஒரே அளவுக் குழாய்க்கு டைட்டானியம் பாதி எடையே பிடிக்கும்.